முதற்பக்கத்தில் வந்த முகம்

இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலது கம்பத்தில் ஒரு தட்டு, பிறகு குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவ்வளவுதான், இரவிச்சந்திரனின் வாய் திறந்துவிடும். ஆட்டம் முடிகிறவரை அதை மூட யாராலும் முடியாது.

“ரதீசன், உனக்குப் பின்னாலை ஒருத்தன் வாறானடா! ஞாயிற்றுக்கிழமை எண்டு கண்ணுக்கும் லீவோ? திரும்பு, திரும்பு! ஆ, அப்பிடி. மாஸ்ரர், விடாதேங்கோ, காலைப் போடுங்கோ! ஐயோ, வந்து கேட்டவுடனை பந்தைக் குடுக்கிறதே? அவன் என்ன உன்ரை மச்சானோ?”

பிரெஞ்சு பேசுகிற நகரத்தின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஆற்றோரப் பூங்காவின் மைதானம். நாய்களோடு நடக்க வருகிறவர்கள் வேலியோரம் நின்று, பந்தைப் பார்க்காமல் இந்தக் கோல் கீப்பரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மனிதருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வயிறு கொஞ்சம் முன்னே வந்துவிட்டது. மழை வரப்போவதை ரேடியோவுக்கு முன்னே இடது முழங்கால் சொல்லிவிடும். “பாயிற வேலையைப் பெடியளிட்டைக் குடுத்திட்டன். நான் இப்ப கதைச்சே கோலைத் தடுக்கிறன்” என்பார். அதில் பொய்யும் இல்லை. எதிரே வருகிறவன் இந்தச் சத்தத்தில் பாதி குழம்பிப் போய்த்தான் பந்தை அடிப்பான்.

குழுவில் முக்கால்வாசி யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். மிச்சம், அதே அடுக்குமாடிகளில் குடியிருக்கும் ஹெயிட்டிக்காரர்கள். இரவிச்சந்திரன் எல்லோருக்கும் தமிழிலேயே கத்துவார். பின்வரிசையில் ஆடுகிற ஜோசுவே ஹெயிட்டிக்காரர், பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறவர். படிப்பிக்கிற மனிதரைப் பேர் சொல்லிக் கூப்பிட இவருக்கு வாய் வராது, ஆகவே ‘மாஸ்ரர்’. மாஸ்ரரும் திரும்பிப் பாராமலே “ஓம், ஓம்” என்று பதில் கொடுத்துக்கொண்டு ஆடுவார். ‘ரவியண்ணை’ என்பதுதான் இவருடைய முழுப்பெயர் என்று அவர் ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார் என்றால் பாருங்களேன்.

வார நாட்களில் இரவிச்சந்திரன் கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறார். வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கு, எக்ஸ்ரேயிலிருந்து ஒப்பரேஷனுக்கு, திரும்ப வார்டுக்கு. அங்கேயும் வாய் ஓய்வதில்லை. அவருடைய பிரெஞ்சு முழுவதும் கட்டிலோரம் பொறுக்கியது. வலப்பக்கம் திரும்புகிறோம், கையை உள்ளே வையுங்கள், பயப்படாதீர்கள், நோகுதா? இதற்கு மேல் கேட்டால் கையை விரிப்பார். ஆனால் இந்த நாலு வார்த்தையையும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவிலே தமிழையும் தாராளமாகத் தூவி, பயந்து கிடக்கிற மடாம்மாரைச் சிரிக்கவைத்து ஒப்பரேஷன் வாசலில் விட்டுவிடுவார். அந்தச் சத்தக்கார மனிதர் வரட்டும் என்று கேட்டு வாங்குகிற நோயாளிகளும் உண்டு.

இத்தனை வாயுள்ள மனிதரிடம் ஒரு கமராவை நீட்டிப் பாருங்கள். கதை முடிந்தது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்து ஸ்டூடியோ ஒன்றில் குடும்பப் படத்துக்கு நின்றபோது, ‘மூச்சை அடக்கு, ஆடாதை, பல்லுத் தெரியப்படாது’ என்று படக்காரர் அதட்டியிருக்கிறார். அதை இன்றுவரை விரதம் போலக் காப்பாற்றி வருகிறார். கமரா உயர்ந்தால் மூச்சு உள்ளே போகும். தாடை இறுகும், புருவம் இறங்கும், கண் லென்ஸைக் குத்திக்கொண்டு நிற்கும். அவர் வயதுக்காரர் பலருக்கும் நம்மிடையே இது உண்டு. படம் என்பது மரியாதையான காரியம், அதன் முன்னால் இளித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

“பொலிசிலை பிடிபட்ட ஆள் மாதிரி நிக்கிறார், பாருங்கோ. எனக்கும் இவருக்கும் கல்யாணம்தான் நடந்தது, வேறை ஒண்டும் நடக்கேல்லை” என்று மனைவி கௌரி கல்யாண அல்பத்தைத் திறக்கிறபோதெல்லாம் சொல்வாள். வந்தவர்கள் சிரிப்பார்கள், இரவிச்சந்திரனும் சேர்ந்து சிரிப்பார். சிரித்தால் மனிதர் நல்ல வடிவு. அந்தச் சிரிப்பு ஒரு படத்திலும் இல்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூன் மாதம் அந்த விரதம் அவரை மாட்டிவைத்தது.

அன்றைய ஆட்டத்தில் எதிர்க்குழுவின் பக்கம் நின்ற சிலர், ஜோசுவேயின் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் குரங்கு போலச் சத்தம் போட்டார்கள். முதலில் ஒருவன்தான். பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜோசுவே காது கேளாதவர் போல ஆடினார். கடைசியில் எதிர்க்குழு ஆட்டக்காரன் ஒருவனே அவர் முகத்துக்கு நேரே வந்து அந்தச் சத்தத்தைப் போட்டான். ஜோசுவே நடுவரிடம் போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். நடுவர் கேட்டுவிட்டுச் சட்டைப் பையில் கைவிட்டார், மஞ்சள் அட்டையை எடுத்தார், ஜோசுவேக்கே காட்டினார். ஆட்டத்தைத் தாமதப்படுத்தினாராம்!

மறுபடி விசில் ஊதியது. ஏதோ குறைகிறதே என்று முதலில் உணர்ந்தவன் ரதீசன். பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். கோல் கோட்டின் நடுவே இரவிச்சந்திரன் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணை, என்ன, காலிலை பட்டிட்டுதோ?”

இல்லை என்று தலை மட்டும் ஆடியது. வாய் மூடியே இருந்தது. அந்த வாய் மைதானத்தில் மூடியிருந்ததை ரதீசன் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் ஜோசுவேயைப் பார்த்தான், நடுவரைப் பார்த்தான், நின்ற இடத்திலேயே அவனும் உட்கார்ந்தான். பிறகு அடுத்தவன். பிறகு ஹெயிட்டிப் பிள்ளைகள். பந்தோடு ஓடிவந்த எதிர்க்குழுக்காரன் கோலுக்குள் அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றுவிட்டான். கடைசிவரை நின்றவர் ஜோசுவேதான். புல்லில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் அவர் சுற்றிவரப் பார்த்தார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். அவரும் உட்கார்ந்தார். யாரும் யாரையும் தொடவில்லை, ஒரு கெட்ட வார்த்தை எழும்பவில்லை. நடுவர் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு வெற்றியை எதிர்க்குழுவுக்குக் கொடுத்துக் கிளம்பினார்.

இதற்கிடையில் வந்தார் ஒரு படக்காரர். புதன்கிழமை தோறும் அந்தப் பகுதிக்கென்று இலவசமாக வருகிற பத்திரிகை ஒன்றில் வேலை. பூங்காவில் புதிதாக நட்ட பூஞ்செடிகளைப் படமெடுக்க வந்தவர், மைதானத்தில் எல்லோரும் உட்கார்ந்திருப்பதைக் கண்டு ஓடிவந்தார். நல்ல பிள்ளைதான். குனிந்து, ஒரு படம் எடுக்கலாமா முஸ்யூ என்று மரியாதையாகக் கேட்டார். படம் என்றதும் இரவிச்சந்திரன் நிமிர்ந்தார். நியாயத்துக்காகக் குந்தியிருக்கிறோம், பேப்பரில் வரப்போகிறது, ஒழுங்காக வரவேண்டும் என்று நினைத்தார். ஜெர்சியின் கழுத்தை இழுத்துச் சரிசெய்தார். மூச்சு உள்ளே போனது. தாடை இறுகியது. கிளிக்.

புதன்கிழமை பத்திரிகை வந்தது. குழு இல்லை, புல் இல்லை, உட்கார்ந்திருந்தார் என்பதே தெரியவில்லை. கழுத்துக்கு மேலே வெட்டியெடுத்த முகம் மட்டும் முதற்பக்கத்தை நிறைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ‘மைதானத்தில் மூர்க்கம்’. யுத்தத்தில் வளர்ந்தவர்கள் தங்கள் கோபத்தைப் பூங்காவுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள் என்றும், நடுவரை மிரட்டி ஆட்டத்தைக் குழப்பினார்கள் என்றும், பிள்ளைகுட்டியோடு வந்தவர்கள் பயந்து கிளம்பினார்கள் என்றும் உள்ளே எழுதியிருந்தது. குரங்குச் சத்தம் பற்றி ஒரு வரி கிடையாது. ஜோசுவே என்ற பெயர் தேடினாலும் இல்லை. வாய் திறக்காமல் உட்கார்ந்த மனிதர்களைப் பற்றி இப்படியும் ஒருவர் எழுத முடியுமா? எழுதியிருந்தார்களே!

காசு கொடுத்து வாங்குகிற பத்திரிகை என்றால் வாங்காதவராவது தப்பலாம். இது பீட்சாக்கடை விளம்பரங்களோடு ஒரே பையில் ஒவ்வொரு கதவிலும் தொங்கியது. அடுக்குமாடி வாசலில் குவிந்து கிடந்தது. டெபானர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனால், அங்கே மேசையில் கிடந்து அவர் முகமே அவரை முறைத்தது. கடைக்காரர் பத்திரிகையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நடந்ததைத் தாங்க முடியவில்லை. கார்ட்டியர்வில்லிலிருந்து வந்திருந்த ஒரு கிழவி, அவர் தள்ளிக்கொண்டு போனபோதெல்லாம் சிரித்துக்கொண்டு போனவள், அன்று அவரைக் கண்டதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். மகள் கொண்டுவந்த பத்திரிகை தலைமாட்டில் கிடந்தது. கிழவி தாதியைக் கிட்டக் கூப்பிட்டு, வேறு யாராவது வரமுடியுமா என்று ரகசியமாகக் கேட்டாள். இரவிச்சந்திரன் கட்டிலின் கம்பியிலிருந்து கையை எடுத்தார். அவமானத்தில் காது சுட்டது. அன்று மத்தியானம் கௌரி கட்டிக்கொடுத்த சோற்றை அப்படியே திரும்பக் கொண்டுவந்தார்.

“என்ரை முகத்தைப் போட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, கௌரி. உள்ள முகம்தானே வரும். ஏன் குந்தினனாங்கள் எண்டு வரேல்லையே! அது வரோணும். வராமல் நான் விடமாட்டன்.”

ரதீசன் வீடு தேடி வந்து கெஞ்சினான். “ரவியண்ணை, உதை விடுங்கோ. என்ரை அகதிக் கேஸ் செப்டெம்பரிலை வருது. பேப்பரிலை என்ரை முகமும் வந்திட்டா நான் துலைஞ்சன்.”

“உன்ரை முகம் வரேல்லைத்தானே? வந்தது என்ரை முகம். அப்ப போறதும் நான்தான். நீ ஏன் அந்தரப்படுறாய்? தேத்தண்ணியைக் குடி.”

ஜோசுவே வேறு விதமாகச் சொன்னார். இருவரும் பேசுவது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், மிச்சம் கை. “ரவியண்ணை, உங்களைப் பிழையாகவாவது எழுதினார்கள். என்னை எழுதவே இல்லை. எனக்கு இது பழகிவிட்டது.”

“உது பழகப்படாது மாஸ்ரர்” என்றார் இரவிச்சந்திரன். அதைத் தமிழில்தான் சொன்னார். வழக்கமான ‘ஓம்’ வரவில்லை.

அடுத்த புதன்கிழமை, வேலை முடிந்த கையோடு, மெத்ரோ பிடித்து பஸ் பிடித்துப் பத்திரிகைக் காரியாலயத்துக்குப் போனார். சலவைக்கடை ஒன்றுக்கு மேலே, மரப்படி ஏறிப் போகவேண்டும். ஆசிரியர் மடாம் திபோ. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துவிட்டு அதை மேசையெங்கும் தேடுகிற பெண்மணி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இரவிச்சந்திரன் முதற்பக்கத்தை அவர் மேசையில் விரித்தார். முகத்தில் விரலை வைத்தார். இருக்கிற பிரெஞ்சு முழுவதையும் துழாவினார். வலப்பக்கமும் இடப்பக்கமும் இங்கே எதற்கு? தினமும் நோயாளிகளிடம் கேட்கிற ஒன்றுதான் கைகொடுத்தது. “ஸ ஃபெ மால், மடாம்.” நோகுது மடாம்.

மடாம் திபோ பதறிப்போய், முகத்தில் அடிபட்டதா என்று கேட்டார். இல்லை, இல்லை என்று கையை ஆட்டிய இரவிச்சந்திரன், வேறு வழியில்லாமல் அந்தக் காரியாலயத்துத் தரையிலேயே சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார். வாயில் விரலை வைத்துக் காட்டினார். “இப்பிடி! இப்பிடித்தான் குந்தினனாங்கள். ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.” விளம்பரம் கொடுக்க வந்த இரண்டு பேர் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்கள். மடாம் திபோ அவருக்குக் கோப்பி கொடுத்தார். இந்த வாரம் வேலை அதிகம் என்று சொல்லி வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார்.

வேலை அதிகம் என்றால் என்ன, புதன்கிழமை வாராவாரம் வருகிறதுதானே? அடுத்ததற்கும் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். சில நாள் கௌரி பொரித்துக் கொடுத்த ரோல்ஸைக் காரியாலயத்தில் பகிர்ந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அதே முதற்பக்கத்தை மறுபடி விரிப்பார். வரவேற்பு மேசைப் பெண் அவர் படியேறும் சத்தம் கேட்டாலே “போன்ஜூர் முஸ்யூ ரவி” என்பாள். கோபித்து விரட்டவும் முடியாமல், கேட்டதைக் கொடுக்கவும் மனமில்லாமல் மடாம் திபோ திண்டாடினார்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் ஒரு புதன்கிழமை ஜோசுவேயும் கூடவே படியேறினார். முதல்முறையாகப் பேச்சு பேச்சாக நடந்தது.

“ஆனால் படத்தைப் பாருங்கள். கோபம் இல்லை என்றால் ஏன் அந்த முகம்?” என்று கேட்டார் மடாம் திபோ.

ஜோசுவே மொழிபெயர்த்தார். இரவிச்சந்திரன் ஆங்கிலமும் கையுமாகச் சொன்னார். “படத்துக்கு நாங்கள் சிரிக்கிறேல்லை மடாம். அது எங்கடை மரியாதை. அதுக்காகக் கோபம் இல்லையெண்டும் சொல்லமாட்டன். நல்ல கோபம்தான். ஆனா அது முகத்திலை இல்லை, குந்தினதிலை இருக்கு. அதைத்தானே நீங்கள் வெட்டிப்போட்டியள்.”

மடாம் திபோவுக்கு ஏதோ தைத்திருக்க வேண்டும். அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். ஜூலைக் கடைசியில் அதே இரண்டு குழுவும் மறுபடி மோதுகின்றன. ஆட்டத்துக்கு முன் இரவிச்சந்திரனும் எதிர்க்குழுத் தலைவரும் கைகுலுக்கட்டும். சிரித்த முகமாக ஒரு படம். மறுபடி முதற்பக்கம். ‘பந்து சேர்த்துவைத்த உள்ளங்கள்’ என்று தலைப்பு. எல்லோருக்கும் சந்தோஷம்.

“ஏன் குந்தினனாங்கள் எண்டும் போடுவியளோ?”

மடாம் திபோ மேசையைப் பார்த்தார். அது பழைய விஷயம், சண்டையை வாசித்து வாசித்து வாசகர்களுக்குச் சலித்துவிட்டது, ஒரு சிரிப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுமே என்றார். ஜோசுவே அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். படியிறங்கும்போது சொன்னார்: “போன மாதம் உங்களைக் கண்டு எல்லோரும் பயப்பட வேண்டும். இந்த மாதம் எல்லோருக்கும் நீங்கள் சிரித்துக் காட்ட வேண்டும். நான் இரண்டிலும் இல்லை.”

விஷயம் பரவியதும் அடுக்குமாடியில் ஒரே குதூகலம். சிரித்துவிட்டால் முடிந்ததே! கௌரியும் அந்தப் பக்கம்தான். “இஞ்சேருங்கோ, எல்லாப் பல்லையும் ஆர் கேட்டது? முன்னாலை ஒரு நாலு பல்லு. அந்தக் கிழவியும் பாத்திட்டுப் பேசாமல் கட்டிலிலை ஏறும்” என்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திப் பழக்கினாள். இரவிச்சந்திரனும் உதட்டை இழுத்துப் பார்த்தார். “ஐயோ, பல்லுக்குத்து வந்த மாதிரி இருக்கப்பா!” அவரே தாங்காமல் சிரித்தார். “ஆ, இது! இதை அப்பிடியே பிடியுங்கோ!” என்று அவள் சின்னக் கமராவை எடுத்தாள். மூச்சு உள்ளே போய்விட்டது.

கண்ணாடியில் அந்த முகத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பகிடி நின்றுவிட்டது.

“கௌரி, முகம் இருந்தாத்தானே அவையள் தங்கடை எண்ணத்துக்கு வெட்டுவினம்?”

அவளுக்கு விளங்கவில்லை. இரவிச்சந்திரன் கூடத்துக்குப் போய் அவளுடைய வேலைப் பையைத் திறந்தார். கௌரி கார்டெரி என்கிற பிள்ளைக்காப்பகம் ஒன்றில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிறவள். குழந்தைகளின் ஏப்ரனில் பெயர் ஒட்டத் தடித்த வண்ணத் துணியில் எழுத்து வெட்டுவாள். கோணல் மாணல் இல்லாமல் வெட்டுவதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. “உந்த எழுத்தை நீர் பெரிசாவும் வெட்டுவீரோ?” என்று கேட்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்கிற காரியம் மெல்ல மெல்லப் புரிந்தது. “விசரே உங்களுக்கு?” என்றாள். பிறகு, “மஞ்சள் துணிதான் மிச்சம் கிடக்கு. உங்கடை கறுப்பு ஜெர்சியிலை எடுப்பா இருக்கும்” என்றாள்.

சனிக்கிழமை சமையலறை மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஜோசுவேயைக் குரங்கு என்றார்கள் என்று எழுத வேண்டும் என்பது இரவிச்சந்திரனின் கட்சி. உள்ளதைச் சொல்ல என்ன பயம்? ஜோசுவே தலையை ஆட்டினார். “அவர்களுடைய சொல்லை உங்கள் முதுகில் ஏன் தைக்க வேண்டும், ரவியண்ணை?”

இரவிச்சந்திரனுக்கு முகம் விழுந்துவிட்டது. இது தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போயிற்று. “மாஸ்ரர், நீங்களே சொல்லுங்கோ” என்று கத்தரிக்கோலைக்கூட அவர் பக்கம் தள்ளினார். ஜோசுவே பிரெஞ்சில் மூன்றே சொல் சொன்னார். நம் மொழியில், ‘ஜோசுவேக்காக உட்கார்ந்தோம்.’

“ஏன் எண்டு கேப்பினமே?”

“கேட்கட்டும்” என்றார் ஜோசுவே. “கேட்டால் நான் சொல்கிறேன்.”

ஆட்டத்தன்று நல்ல வெயில். அந்த வெயிலில் கழுத்துவரை ஸிப் போட்ட ஜாக்கெட்டோடு வந்த இரவிச்சந்திரனைக் காய்ச்சலோ என்று எல்லோரும் விசாரித்தார்கள். மடாம் திபோ தாமே வந்திருந்தார், கண்ணாடி வழக்கம்போலத் தலையில். படக்காரர் இடம் பார்த்து, வெளிச்சம் பார்த்து, எதிர்க்குழுத் தலைவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரவிச்சந்திரன் தன் கோலடிக்குப் போனார். இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலதில் ஒரு தட்டு, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வந்து ஒழுங்காகக் கைகுலுக்கினார். எதிர்க்குழுத் தலைவர் அவர் கண்ணைப் பார்க்காமல் கையைப் பார்த்துக் குலுக்கினார்.

“சிரியுங்கள், முஸ்யூ!”

கமரா உயர்ந்தது. மூச்சு உள்ளே போனது, தாடை இறுகியது. அப்போது இரவிச்சந்திரன் ஜாக்கெட்டைக் கழற்றி, வேலியோரம் நின்ற கௌரியிடம் எறிந்தார். கமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

தோளுக்குத் தோள் மஞ்சள் எழுத்து. படக்காரர் சிரித்துக்கொண்டு முன்பக்கம் ஓடிவந்தார். இவர் திரும்பினார். படக்காரர் மறுபக்கம் ஓடினார். இவர் மறுபடி திரும்பினார். நாய்களோடு நின்றவர்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். இரவிச்சந்திரன் விளையாடவில்லை. அவருடைய தாடை இறுகியபடியே இருந்ததைப் பக்கத்தில் வந்து நின்ற ரதீசன் கண்டான்.

“அண்ணை” என்றான் அவன். “முதுகெண்டா நானும் நிக்கலாம்.” கமராவுக்கு முதுகைக் கொடுத்து, அவர் தோளில் கையைப் போட்டான். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து அப்படியே திரும்பி நின்றார்கள். முகம் ஒன்றுகூட இல்லாத வரிசை. வெட்டி எடுக்க அங்கே இருந்தது அந்த மூன்று சொல் மட்டும்தான்.

மடாம் திபோ தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தார். எழுத்துக் கூட்டுகிறவர் போல உதடு அசைய வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

“யார் ஜோசுவே?” என்று கேட்டார்.

காரியாலயத்தில் அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் மொழிபெயர்த்தும் பெயர் கேட்கப்படாத மனிதர், வரிசையை விட்டு வெளியே வந்தார். வகுப்பில் பிள்ளைகள் செய்வது போலக் கையை உயர்த்தினார்.

“நான்தான் மடாம். ஏன் என்று சொல்லட்டுமா?”

மடாம் திபோ பேனாவின் மூடியைக் கழற்றினார். படக்காரர் ஓட்டத்தை நிறுத்திப் புல்லில் முழங்காலிட்டு, அந்த முதுகுக்கு நேரே கமராவைப் பிடித்தார். பின்னால் ஜோசுவேயின் குரல் நிதானமாகப் பேசத் தொடங்கியது. அதில் ஒரு சொல் இரவிச்சந்திரனின் காதில் விழுந்தது, பிறகு இன்னொன்று.

கிளிக் என்றது. வெறும் கோலையும் வலையையும் பார்த்துக்கொண்டு நின்ற இரவிச்சந்திரன், அடக்கிவைத்த மூச்சை அப்படியே வெளியே விட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.